பதினாறு பக்க இதழ்: பெங்களூரில் கவிதை, குறுங்கதை, கோட்டோவியம் மூன்றையும் ஒன்றாக அச்சிடும் முறை

கவிதையும் குறுங்கதையும் ஓவியமும் சேர்ந்த சிறிய இதழ் ஒன்றைத் தாமே கொண்டுவர நினைப்பவர்கள் பெரும்பாலும் படைப்புகளைத் திரட்டுவதில் தொடங்குகிறார்கள். வந்தவற்றையெல்லாம் கடைசியில் பக்கங்களுக்குள் அடைக்க முற்படும்போது கவிதை ஒரு பக்கத்தில் பாதியும் மறு பக்கத்தில் மீதியுமாக உடைகிறது. ஓவியம் மிச்சமிருக்கும் மூலைக்குப் போகிறது. ஆகவே இந்த வேலையைத் தாளிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. பக்கம் எது என்று தெரிந்த பிறகே அந்தப் பக்கத்தில் எது நிற்கும் என்று தீர்மானிக்க முடியும்.

நான்கு ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் ஏ5 அளவில், அதாவது 148 மி.மீ. அகலமும் 210 மி.மீ. உயரமும் கொண்ட 16 பக்க இதழ் கிடைக்கும். அச்சகத்தார் இதை டம்மி என்பார்கள். பென்சிலால் 1 முதல் 16 வரை பக்க எண்களை எழுதிவிட்டுத் தாள்களைப் பிரித்துப் பாருங்கள். முதல் தாளின் ஒரு புறத்தில் 16உம் 1உம், மறுபுறத்தில் 2உம் 15உம் இருக்கும். அடுத்த தாளில் 14உம் 3உம், பின்புறம் 4உம் 13உம். மூன்றாவதில் 12உம் 5உம், 6உம் 11உம். கடைசித் தாளில் 10உம் 7உம், 8உம் 9உம். எந்தப் புறத்தை எடுத்தாலும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 17 என்பதை நினைவில் வைத்தால் பக்கங்களை அடுக்குவதில் குழப்பம் வராது. பக்க எண்ணிக்கை எப்போதும் நான்கின் மடங்காகவே இருக்கும் என்பதால் பதினேழாவது பக்கத்துக்கென்று ஒரு நல்ல கவிதை வந்து சேர்ந்தால் அதை அடுத்த இதழுக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த டம்மி இன்னொன்றையும் காட்டுகிறது. இதழைத் திறந்தால் எதிரெதிராகத் தெரியும் பக்கங்களில் 8உம் 9உம் மட்டுமே ஒரே தாளின் ஒரே புறத்தில் உள்ளவை. மற்ற இணைகள் வெவ்வேறு தாள்களில் அச்சாகி மடிப்பில் வந்து சேர்பவை, அவற்றில் குறுக்கே ஓடும் கோடு ஒரு மில்லிமீட்டராவது விலகும். எனவே இரு பக்கங்களுக்கும் விரியும் ஓவியத்துக்கு உரிய இடம் நடுப்பக்கம். முன்னட்டையிலிருந்து பின்னட்டைக்குத் தொடரும் படத்தையும் அதே காரணத்தால் துணிந்து வைக்கலாம். முதல் பக்கம் அட்டை, இரண்டாவது பக்கம் இதழ் விவரம், கடைசிப் பக்கம் பின்னட்டை என்று ஒதுக்கினால் 13 பக்கங்கள் எஞ்சும். அவற்றில் நடுப்பக்க ஓவியத்துக்கு இரண்டு, கவிதைகளுக்கு ஐந்து, குறுங்கதைகளுக்கு மூன்று, தனி ஓவியங்களுக்கு இரண்டு போக ஒரு பக்கம் மீதமாகும். அதை என்ன செய்யலாம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

படைப்புகளைக் கேட்டு வாங்குதல்

பெங்களூரில் தமிழில் எழுதுபவர்கள் ஒரே இடத்தில் இல்லை. ஹலசூரிலும் சிவாஜிநகரிலும் தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் இருக்கின்றன; மென்பொருள் வேலைக்காக ஒயிட்ஃபீல்டுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் வந்தவர்கள் இருக்கிறார்கள்; 2001இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வேலைக்கு வந்து திரும்புபவர்கள் இருக்கிறார்கள். இவர்களின் பேச்சுத் தமிழ் வெவ்வேறானது. கதையின் உரையாடலில் அது அப்படியே வரட்டும். தமிழ்நாட்டுக்கு வெளியே சிற்றிதழா என்று தயங்கவும் வேண்டாம். சி.சு. செல்லப்பா சென்னையில் 'எழுத்து' இதழைத் தொடங்கிய 1959க்குப் பிந்தைய சிற்றிதழ் வரலாற்றில், எழுத்தாளர் தமிழவனும் நண்பர்களும் இந்த நகரத்திலிருந்து நடத்திய 'படிகள்' இதழுக்கும் ஓர் இடம் உண்டு.

அழைப்பு அனுப்பும்போது நீள வரம்பை அச்சுக் கணக்கிலிருந்தே சொல்லுங்கள். மேலும் கீழும் 20 மி.மீ. ஓரம் விட்டால் எழுத்துக்கு 170 மி.மீ. உயரம் கிடைக்கும், 11 புள்ளி (பாயிண்ட்) எழுத்தில் வரிக்கு வரி 16 புள்ளி இடைவெளி வைத்தால் அந்த உயரத்தில் 30 வரிகள் அடங்கும். தலைப்புக்கும் பெயருக்கும் அவற்றைச் சுற்றிய வெற்றிடத்துக்கும் இடம் விட்டால் குறுங்கதைக்கு 120 சொற்களும் கவிதைக்கு 18 வரிகளும் தாராளமான எல்லைகள். நீள வரம்பு எழுத்தாளரை நெருக்குகிறது என்று சிலர் சொல்வார்கள். குறுந்தொகைப் பாடல்கள் நான்கு முதல் எட்டு அடிகளுக்குள் பேசுபவளையும் கேட்பவளையும் நேரத்தையும் நிலத்தையும் நிறுத்திவிடுகின்றன என்பதை அவர்களுக்கு நினைவூட்டினால் போதும்.

கவிதையையும் கதையையும் செம்மை செய்தல்

தமிழ் வாக்கியம் வினையில் முடிவது. வாக்கியம் முடியும் இடத்திலெல்லாம் வரியை மடக்கினால் எல்லா வரியும் 'கிறது' என்றோ 'கிறான்' என்றோ முடிந்து, உரைநடையைத் துண்டுதுண்டாக நறுக்கி வைத்ததுபோல் ஆகிவிடும். கைக்கு வரும் கவிதைகளில் மிகப் பரவலாக இருக்கும் குறை இதுதான். ஓர் எடுத்துக்காட்டை இதற்காகவே எழுதிக் காட்டுகிறேன்.

தண்ணீர் லாரி வருகிறது
தெருமுனையில் திரும்புகிறது
தரை நனைகிறது
இந்த மாதத்து மழை
அதுதான் என்று தோன்றுகிறது

இதில் நான்கு வினைகள் நான்கு வரிகளின் கடைசியில் நிற்கின்றன. 'தோன்றுகிறது' என்ற சொல் கவிஞரை வீணாக உள்ளே அழைத்து வருகிறது. அதையே இப்படி எழுதலாம்.

தண்ணீர் லாரி திரும்பும் இடத்தில்
நனைந்திருக்கிறது தெருமுனை.
அவ்வளவுதான்
இந்த மாதத்து மழை.

வாக்கியத்தை முடிக்கும் வினை ஒன்றாகக் குறைந்தது. அதுவும் வரியின் தொடக்கத்தில் பெயருக்கு முன்னால் வந்துவிட்டது. 'அவ்வளவுதான்' தனி வரியாக நிற்பதால் வாசகர் அங்கே ஒரு மூச்சு நிற்கிறார்; எது அவ்வளவு என்ற கேள்விக்கு அடுத்த வரி பதில் தருகிறது. இப்படி மாற்றும்போது கவிஞரின் ஒப்புதல் இல்லாமல் ஒரு சொல்லையும் தொடக் கூடாது. வரி மடக்கை மாற்றுவதும் கவிதையை மாற்றுவதுதான் என்பதால் தொலைபேசியில் இரு வடிவங்களையும் வாசித்துக் காட்டி அவரையே தேர்வு செய்யச் சொல்வது நல்லது. காதுக்குக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

குறுங்கதையில் செய்யும் திருத்தம் வேறு வகை. கடைசி வரியில் திடுக்கிட வைத்தால்தான் குறுங்கதை என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. வாரப் பத்திரிகைகளின் ஒரு பக்கக் கதைகள் கொடுத்த பழக்கம் அது. அந்த வகைக் கதை இரண்டாம் முறை வாசிக்கப்படுவதில்லை. நம் இதழோ கையில் வைத்துத் திரும்பத் திரும்பப் புரட்டப்படுவதற்கென்று 16 பக்கங்கள் மட்டுமே கொண்டது. வரும் ஒவ்வொரு கதையின் கடைசி வாக்கியத்தையும் விரலால் மறைத்து வாசித்துப் பாருங்கள். கீழே உள்ள கதையை அதற்காகத் தருகிறேன்.

"சிவாஜிநகர் பேருந்து நிலையத்தில் ஒரு முதியவர், கண்ணாடியை மறந்து வந்துவிட்டதாகச் சொல்லி, வரும் பேருந்தின் பலகையைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் ஏறவில்லை. அடுத்ததையும் படித்தேன். சொந்த ஊர் எது என்று கேட்டார், சொன்னேன். மூன்றாவது பேருந்து வந்தபோது எனக்கு அவசரம். பார்த்தும் பாராமலும் யஷவந்தபுரம் என்றேன். 'அது எலகங்கா' என்றார் அவர். அவருக்குப் பலகை நன்றாகவே தெரிகிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது."

கடைசி வாக்கியத்தை மறைத்தால் கதை 'எலகங்கா'வில் நிற்கிறது. பலகை அவருக்குத் தெரிகிறது என்பதையும், தெரிந்தும் ஏன் கேட்டார் என்பதையும் வாசகர் தாமே கண்டுகொள்கிறார். நீக்கிய பிறகு கதை புரியாமல் போகிறதென்றால் குறை கடைசி வரியில் இல்லை, மேலே எங்கோ ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது; எழுத்தாளரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். விவரம் எத்தனை சிறியதாக இருந்தாலும் அது வேலை செய்யும் என்பதற்குக் கபிலரின் குறுந்தொகை 25ஆம் பாடலைவிடச் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை. தலைவன் தன்னைக் கூடிய அன்று வேறு சாட்சி இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்த குருகு மட்டும் இருந்தது என்கிறாள் தலைவி. அதன் கால் தினைத்தாள்போல் மெலிந்தும் பசுமையாகவும் இருந்தது வரை சொல்கிறாள். தன் அச்சத்தை 'நான் என்ன செய்வேன்' என்ற ஒரு கேள்விக்கு மேல் விரிக்கவில்லை. மீன் மேல் கண்ணாக இருந்த பறவை எதைப் பார்த்திருக்கும் என்ற கேள்வியைப் பாடல் வாசகரிடமே விட்டுவிடுகிறது.

ஓவியத்தை எங்கே வைப்பது

கவிதையை ஓவியரிடம் கொடுத்து 'இதற்கு ஒரு படம்' என்று கேட்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. லாரிக் கவிதைக்கு லாரி வரும். பேருந்துக் கதைக்குப் பேருந்தும் முதியவரும் வருவார்கள். சொல் ஏற்கெனவே செய்துவிட்ட வேலையைப் படம் மறுபடி செய்யும். ஓவியரிடம் பக்க அளவையும் கருப்பு வெள்ளை என்ற நிபந்தனையையும் மட்டும் சொல்லி, அவர் தம் போக்கில் வரைந்தவற்றில் ஏழெட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பின்னர் படைப்புகளின் அச்சுப்படிகள் அனைத்தையும் தரையில் பரப்பி, எது எதன் எதிரில் நிற்கிறது என்று இடம் மாற்றி மாற்றிப் பாருங்கள். மொட்டை மாடிகளில் வரிசையாக நிற்கும் கருப்புச் சின்டெக்ஸ் தொட்டிகளை ஒருவர் வரைந்திருந்தால் அது லாரிக் கவிதையின் எதிர்ப்பக்கத்துக்குப் பொருந்தும், ஏனெனில் கவிதை சொல்லாமல் விட்ட மேல்மாடியை அது காட்டுகிறது. பேருந்துக் கதைக்கு எதிரில் படமே வேண்டாம். ஒரு பக்கத்தை வெறுமையாக விடவும் ஆசிரியருக்குத் துணிவு வேண்டும், 16 பக்கங்களில் அது விலை கூடிய துணிவுதான் என்றாலும்.

நகல் இயந்திரத்துக்கு ஏற்ற கோட்டைப் பற்றி ஓவியரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது அவசியம். இந்தியன் இங்க் கொண்டு வரைந்த கோடு நகலில் அப்படியே வரும். பென்சிலின் நடுச்சாம்பல் நிறம் கரைந்துபோகும். காந்தி நூற்றாண்டான 1969இல் ஓவியர் ஆதிமூலம் மையில் வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பார்த்தவர்களுக்கு, கருப்பு மை மட்டும் எவ்வளவு தூரம் போகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஏ4 அளவில் வரைந்து ஏ5க்குச் சுருக்கும்போது படம் 71 விழுக்காடாகக் குறைகிறது, 0.3 மி.மீ. பேனாக் கோடு ஏறத்தாழ 0.2 மி.மீ. ஆகும். 0.3 மி.மீ.யைவிட மெல்லிய பேனாவைத் தவிர்க்கச் சொல்லுங்கள். கோட்டோவியத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) தூய கருப்பு வெள்ளையாகவும், கரிக்கோல் ஓவியத்தையும் நீர்த்த மையில் செய்ததையும் 300 டிபிஐயில் சாம்பல் படமாகவும் ஸ்கேன் செய்யலாம். கைபேசியில் எடுத்த படம் என்றால் ஒரு மூலையில் நிழல் விழுந்திருக்கும், அச்சில் அது அழுக்காகத் தெரியும்.

எழுத்தையே படமாக்கும் கவிதைகள் வந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பு, தேர் வடிவப் படங்களுக்குள் எழுத்துகளை அடுக்கும் நாகபந்தமும் ரதபந்தமும் எழுதிய மொழிக்கு அது புதிதல்ல. ஆனால் அத்தகைய கவிதையைத் தட்டச்சு செய்யாமல் கவிஞரின் கையெழுத்திலேயே ஸ்கேன் செய்து அச்சிடுவது மேல்.

பக்கம் அமைத்தல், அச்சு, தையல்

எழுத்துருவில் சிக்கனம் தேவை. ஒரே எழுத்துரு, இரண்டு அளவுகள் போதும். நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, ஹிந்த் மதுரை ஆகியவை இலவசமாகக் கிடைப்பவை, அச்சிலும் பயன்படுத்தலாம். தமிழில் சொற்கள் நீளமானவை என்பதால் குறுகிய பத்தியை இருபுறமும் சமப்படுத்தினால் சொற்களுக்கிடையே பள்ளங்கள் விழும். இடப்பக்கம் மட்டும் சீராக வைத்து வலப்பக்கத்தை அதன் போக்கில் விடுங்கள். கவிதை வரி பக்கத்தின் அகலத்தை மீறி மடிந்தால் மடிந்த பகுதியை உள்தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் வாசகர் அதைப் புதிய வரியாக எண்ணிவிடுவார். லிப்ரே ஆபிஸ் இந்த அளவு வேலைக்குப் போதுமானது. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் பயன்படுத்துவோர் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்தை விட்டு விலகி நிற்கும்.

பெங்களூரில் இந்தப் பிழைக்குத் தனி ஆபத்து உண்டு. அவென்யூ சாலையிலும் சுல்தான்பேட்டையிலும் அச்சு வேலையில் தேர்ந்தவர்கள் பலர் இருந்தாலும் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று நம்பிப் போகக் கூடாது. கொம்பு இடம் மாறினால் அவர் கண்ணுக்கு அது படாது. எனவே எழுத்துருக்கள் உட்பொதிந்த பிடிஎஃப் கோப்பை மட்டுமே கொடுங்கள். அச்சுக்கு முன் இரண்டு அமைப்புகளை நின்று பார்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்: அளவு நூறு விழுக்காடாக இருக்க வேண்டும், இருபுற அச்சில் குறுகிய விளிம்பை ஒட்டித் திரும்பும்படி இருக்க வேண்டும், இல்லையெனில் பின்பக்கம் தலைகீழாக வரும். முதல் பிரதியை அங்கேயே மடித்து முழுவதும் வாசித்த பின் மற்றவற்றுக்குச் சம்மதம் சொல்லுங்கள். சாதாரண அச்சு இயந்திரங்கள் தாளின் விளிம்பில் நான்கைந்து மி.மீ. வரை அச்சிடுவதில்லை என்பதால் விளிம்பு வரை போகும் ஓவியம் வேண்டுமென்றால் பெரிய தாளில் அச்சிட்டு வெட்ட வேண்டும்.

சாதாரண 70 கிராம் (சதுர மீட்டருக்கு) தாளில் கருப்பு ஓவியத்தின் பின்புறம் நிழலாடும். உள்ளே மூன்று தாள்களுக்கு 100 கிராம் மேப்லித்தோவும் (பூச்சில்லாத அச்சுத்தாள்), வெளித்தாளுக்கு 200 கிராமும் கேளுங்கள். பளீர் வெள்ளையைவிட நேச்சுரல் ஷேடு எனும் வெளிர்மஞ்சள் சாயல் கண்ணுக்கு இதமானது. ஏ4 தாளின் இழை பொதுவாக நீளவாக்கில் ஓடும், நாம் மடிப்பது அதற்குக் குறுக்கே. கனமான வெளித்தாள் மடிப்பில் வெடிக்காமல் இருக்க, அளவுகோலை வைத்துக் கத்தியின் முதுகால் முதலில் ஒரு தடம் போட்டுவிட்டு மடியுங்கள்.

மடிப்பின் மேல் கம்பி ஊசி (சென்டர் பின்) அடிக்க நீண்ட கை ஸ்டேப்ளர் வேண்டும். சில கடைகளில் அவர்களே அடித்துத் தருவார்கள். நூலால் தைத்தால் இதழின் தோற்றமே மாறும். மடிப்பின் மேல் 105 மி.மீ. இல் ஒன்றும் இரு முனைகளிலிருந்தும் 35 மி.மீ. தள்ளி ஒவ்வொன்றுமாக மூன்று துளைகள் இடுங்கள். ஊசியை நடுத்துளை வழியே உள்ளிருந்து வெளியே எடுத்து, மேல்துளை வழியே உள்ளே விட்டு, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளை வழியே வெளியே கொண்டுபோய், மீண்டும் நடுத்துளை வழியே உள்ளே இழுங்கள். நடுவில் ஓடும் நீள நூலின் இருபுறமும் இரு முனைகள் வருமாறு வைத்து முடிச்சிட்டால் தையல் தளராது. நூறு பிரதிகளை நால்வர் ஒரு ஞாயிறு பிற்பகலில் தைத்துவிடலாம்.

மீதமிருந்த ஒரு பக்கம்

இந்த நகரத்தில் தமிழ் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் ஏராளம். பள்ளியில் அவர்கள் படித்தது கன்னடமும் ஆங்கிலமும். இதழின் ஒரு கவிதையைத் தமிழாகவே, ஆனால் கன்னட எழுத்தில் அச்சிடுவதற்கு அந்தப் பக்கத்தை ஒதுக்கலாம். இது வெறும் எழுத்து மாற்றம் அல்ல. தமிழில் ஒரே ககரமாக எழுதுவதன் இருவகை ஒலிகளையும் கன்னடம் வெவ்வேறு எழுத்தாக எழுதுவதால், ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தே எழுத வேண்டியிருக்கும். ழகரத்துக்கும் றகரத்துக்கும் பழங்கன்னடத்தில் இருந்து வழக்கொழிந்த எழுத்துகள் ஒருங்குறியில் இருக்கின்றன என்றாலும் இன்றைய வாசகருக்கு அவை பழக்கமில்லை. ளகரத்தையும் ரகரத்தையும் போட்டுவிட்டு அடியில் ஒரு வரிக் குறிப்புத் தருவது நடைமுறைக்கு உகந்தது. ஹலசூர் ஏரியருகே உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்திலோ யாருடைய வீட்டு மாடியிலோ வெளியீடு வைக்கும்போது, அந்தப் பக்கத்தை அத்தகைய இளையவர் ஒருவர் வாசிக்கட்டும்.

உரிமையும் அஞ்சலும்

படைப்பாளர் ஒவ்வொருவரிடமும், இந்த இதழில் ஒருமுறை அச்சிட மட்டும் அனுமதி, பதிப்புரிமை அவருக்கே என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள், மின்னஞ்சலே போதும். பழைய ஓவியத்தையோ கவிதையையோ எடுத்துப்போட நினைத்தால், படைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை அவர் வாரிசுகளிடம் இருக்கும் என்பதைப் பாருங்கள். குறிப்பிட்ட இடைவெளியில் செய்தியோ நடப்புகள் பற்றிய கருத்தோ தாங்கி வரும் இதழ்களுக்கு 2024 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த புதிய பருவ இதழ் பதிவுச் சட்டம் பொருந்தும். ஒரே முறை வெளிவரும் படைப்புத் தொகுப்பு என்றால் நூலாகக் கொண்டு, இந்தியாவில் கட்டணமின்றிக் கிடைக்கும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு விண்ணப்பிக்கலாம்.

மேலே சொன்ன தாள்களில் ஓர் இதழின் எடை சுமார் 31 கிராம். பதிவு அஞ்சல் 2025 செப்டம்பரில் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டதால் வெளியூர்ப் பிரதிகளைப் பதிவுசெய்து அனுப்ப நினைத்தால் அதில்தான் அனுப்ப வேண்டியிருக்கும். மெல்லிய உறையோடு சேர்த்தும் 50 கிராமுக்குள் நிற்பதால் முதல் கட்டண அடுக்கிலேயே போகும். எழுதியவர்களுக்கும் வரைந்தவர்களுக்கும் இரண்டிரண்டு பிரதிகள், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒன்று, தமிழ்ச் சங்க நூலகத்துக்கு ஒன்று என்று முதலில் எடுத்து வைத்துவிட்டு மீதியை விற்கத் தொடங்குங்கள். இரண்டாம் பக்கத்தில் மாதம், ஆண்டு, ஊர், பிரதிகளின் எண்ணிக்கை நான்கையும் அச்சிட மறக்க வேண்டாம். தேதியில்லாத சிற்றிதழை நூலகர் எந்த ஆண்டின் அடுக்கில் வைப்பது என்று தெரியாமல் தனியே எடுத்து வைக்க நேரும்.